மாரடைப்பு வந்தவருக்கு ‘ஹார்ட் பிளாக்’: சில கேள்விகள், பதில்கள்

திசையன்விளை வாசகர்: அண்ணனுக்கு ஆஞ்சியோ செய்து, ஒரு பிளாக் இருந்தது, ஸ்டென்ட் வைத்தாச்சு என்றார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஹார்ட் பிளாக்’ என்று தனியாக எழுதியிருக்கிறது. இன்னொரு அடைப்பா?

இல்லை. ஸ்டென்ட் வைத்தது ரத்தக்குழாயில் இருந்த அடைப்புக்கு. சீட்டில் எழுதியிருப்பது மின்தடை. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு, ஏவி கணு என்ற சந்திப்பைத் தாண்டித்தான் கீழறைக்கு இறங்க வேண்டும். அந்த வழியில் தடங்கல் வந்தால் அதற்குப் பெயர் ஹார்ட் பிளாக். இரண்டையும் நாம் ‘பிளாக்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம்.

அம்பாசமுத்திரம் வாசகர்: அப்பாவுக்கு வயது 64. மாரடைப்பில் நாடி 36க்கு இறங்கிவிட்டது. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். தொடை வழியாக வயர் விட்டு தற்காலிக பேஸ்மேக்கரும் வைத்து, நாலாம் நாள் அதைக் கழற்றிவிட்டார்கள். நிரந்தர பேஸ்மேக்கர் வைக்காமல் அனுப்பியது தப்பு என்கிறார் சித்தப்பா.

36 என்ற எண்ணைப் பார்த்தவர் பயப்படத்தான் செய்வார். ஆனால் உங்கள் டாக்டர் செய்தது சரி. நீங்கள் அனுப்பிய ஈசிஜியில் இருப்பது அடிச்சுவர் மாரடைப்பு. அந்தச் சுவருக்குப் பெரும்பாலும் ரத்தம் கொண்டுபோவது வலது ரத்தக்குழாய். பத்தில் ஒன்பது பேருக்கு ஏவி கணுவுக்கும் அதிலிருந்துதான் ரத்தம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நின்றால் கடைமடைப் பயிர் வாடும். உடனே கருகிவிடாது, தண்ணீர் வந்ததும் நிமிர்ந்துவிடும். இந்தக் கணுவும் அப்படித்தான். குழாயைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தானாகத் தேறிவிடும்.

இரண்டு ஈசிஜியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் தாளில் சின்ன மேடுகள் (மேலறைத் துடிப்பு) ஒரு கணக்கில் ஓடுகின்றன, உயரமான முனைகள் (கீழறைத் துடிப்பு) அவை பாட்டுக்கு மெதுவாகப் போகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. நாலாம் நாள் தாளில் ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் தவறாமல் ஒரு முனை வருகிறது. வயரைக் கழற்றியது இதைப் பார்த்துத்தான். மாரடைப்புக்குப் பிறகு பிளாக் தீரவில்லை என்றாலும், குறைந்தது 5 நாள் பொறுத்துவிட்டுத்தான் நிரந்தரக் கருவியைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல். வேண்டாத கருவியை ஒருவர் ஆயுசு முழுக்கச் சுமக்கக் கூடாது. வீட்டில் அப்பாவுக்குக் கிறக்கமோ மயக்கமோ வந்தால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

சேரன்மகாதேவி வாசகர்: மாமாவுக்கு முன்சுவர் மாரடைப்பு. வலி நின்றுவிட்டது, நாடி 80. ஆனால் புதிதாக ‘ஆர்.பி.பி.பி.’ (வலது மின்கிளைத் தடை) வந்திருக்கிறது என்று ஐசியுவை விட்டு அனுப்ப மறுக்கிறார்கள்.

தயவுசெய்து அங்கேயே இருக்கட்டும். மேலே சொன்னதற்கு இது நேர் எதிர். முன்சுவர் மாரடைப்பில் கணுவுக்குக் கீழே இருக்கும் மின்கிளைகள் அடிபட்டால், தசை பெரிய அளவில் சேதமாகியிருக்கிறது என்று பொருள். நாடி இப்போது 80 இருக்கலாம்; முன்னறிவிப்பே இல்லாமல் முழு பிளாக் ஆகிவிடக்கூடும். அப்போது நாடியைக் கூட்டும் அட்ரோபின் ஊசியை நம்பி இருக்க முடியாது, தற்காலிக பேஸ்மேக்கர் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும்.

வள்ளியூர் வாசகர்: அம்மாவுக்கு 70. கண்புரை ஆபரேஷனுக்காக எடுத்த ஈசிஜியில் ‘எல்.பி.பி.பி.’ (இடது மின்கிளைத் தடை) என்று வந்தது. நெஞ்சு வலி இல்லை. மாரடைப்பு வந்துபோய்விட்டது, உடனே ஆஞ்சியோ என்கிறார்கள்.

வலி இல்லாதவருக்கு இதில் அவசரமில்லை. எல்.பி.பி.பி. புதிதாக வந்தால் மாரடைப்பாகவே எடுத்துக்கொள் என்றுதான் ஒரு காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது மட்டுமே போதாது என்று 2013இல் அமெரிக்க வழிகாட்டுதல் மாற்றிவிட்டது. வருஷக்கணக்கான ரத்தக்கொதிப்பில்கூட இது வரும். எக்கோ எடுங்கள், அப்புறம் பழைய ஈசிஜியைத் தேடுங்கள். ஓர் ஆச்சி மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் நீட்டினார்; கோடெல்லாம் அழிந்து வெறும் தாள்தான் மிச்சம். ஈசிஜி தாள் வெளுத்துப்போகும். எடுத்த அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

ஆனால் வலியும் வியர்வையும் இருந்து எல்.பி.பி.பி.யும் இருந்தால் பழைய தாளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எல்.பி.பி.பி. ஈசிஜியில் மாரடைப்பின் அடையாளங்களை மறைத்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே டாக்டர்கள் முடிவெடுக்கட்டும்.

மானூர் வாசகர்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாரடைப்புக்கு மொத்தமாக 14 மாத்திரை கொடுக்கிறார்களே, நாடி குறைந்தவருக்கும் கொடுக்கலாமா?

2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் மாத்திரைகள் அவை: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. எதுவும் நாடியைக் குறைக்காது. அங்கே கொடுத்தால் தைரியமாக விழுங்கலாம். வீட்டு டப்பாவில் கிடக்கும் அட்டினோலால், மெட்டோபுரோலால் வேறு வகை, நாடியைக் குறைப்பவை. அவை பிளாக்கை இன்னும் மோசமாக்கும். பக்கத்து வீட்டு அண்ணாச்சி கொண்டுவரும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் வேண்டாம். அடிச்சுவர் மாரடைப்பில் அது பிரஷரைத் தடாலென்று இறக்கிவிடக்கூடும். 108ஐக் கூப்பிட்டு, நாடி குறைவாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.