சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லும் தம்பிக்கு

வணக்கம் ஐயா,

நான் தஞ்சாவூர்ப் பையன். ஒரு பருவம் மட்டும் படிக்க மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பினாங்கில், குளுகோர் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். அங்கிள், ஆன்டி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள். நல்லவர்கள். ஆனால் நான் வரும்வரை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எதற்குத் தொந்தரவு என்று மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக்கடை) பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், சில நாள் அறையில் பிஸ்கட் என்று முடித்துக்கொண்டு, கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் தமிழில் மலாய் கலக்கிறது. நான் ஆங்கில வழியில் படித்தவன் என்றாலும், அக்கறையோடு சில இடங்களில் திருத்தினேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. காலை ஏழு மணிக்கும் விடிவதில்லை. டீயில் கெட்டிப்பால் தித்திக்கிறது. விடுதிக்கு மாறிவிடலாமா? மனம் நோகாமல் அவர்களிடம் எப்படிச் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிட இளையவன். ஒரு மாதமாக எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். மகள் வேலைக்காகக் கோலாலம்பூர் போனபின் அவள் அறை சும்மா கிடக்கிறது. படிக்க வரும் பிள்ளை யாரையாவது வைத்துக்கொள்ளலாமே என்கிறாள் மனைவி. நான் மறுத்துக்கொண்டே இருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்ல வரவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் வந்துவிட்டது: உன்னைப் போல ஒரு நல்ல பையன் வந்து சேர்ந்துவிடுவானோ என்ற பயம்தான்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 1982-இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தி சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. சூரியனிடம் யாரும் கேட்கவில்லை. ஊருக்கும் இங்கும் இரண்டரை மணி வித்தியாசம். உன் அம்மா ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அந்த வீட்டில் நள்ளிரவு, மெதுவாகப் பேசு. டீ தித்தித்தால் 'தே ஓ கோசோங்' என்று கேள், பாலும் சீனியும் இல்லாமல் வரும்.

அந்தப் பெண்ணைத் திருத்தினாயாமே. 1816-லேயே பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது. கடலுக்கு இந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிடிவாதமாகத் தமிழ்ப்பள்ளி நடத்திவரும் கூட்டத்தின் பிள்ளை அவள். நீ ஆங்கில வழி. உன் கடிதத்தில் இருந்த ஆங்கிலச் சொற்களில் பலவற்றை, உன் மானத்தைக் காப்பாற்ற, சுருக்கும்போது நான்தான் எடுத்துவிட்டேன். அக்கறையாம்! பத்து வயசுப் பிள்ளை பேசாமல் இருப்பதோடு விட்டாளே என்று சந்தோஷப்படு.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் அதில்தான்.

ஆன்டி தினமும் நாலு பேருக்கு அரிசி போடுகிறார். நீ வந்து, சாப்பிட்டாயிற்று என்கிறாய். மிஞ்சிய சோறு எங்கே போகிறது என்று பார்த்தாயா? மறுநாள் காலையில் அதைச் சாப்பிடுவது நிச்சயம் அங்கிள் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. உன் கூச்சத்துக்கு இன்னொருத்தர் பழைய சோறு தின்கிறார். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்கிறாயே, இதற்கு என்ன பெயர்?

நான் கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க எங்களில் பலர் டவுனில் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். பினாங்குத் தீவுக்குப் பாலம் திறந்தது 1985-இல். நான் இங்கே வந்தது எழுபதுகளில், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில், தகரப் பெட்டியோடு. ஜெலுத்தோங்கில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு லோரி டிரைவர் வீடு. உறவு ஒன்றும் கிடையாது. அந்த அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்பவர். வந்த மறுநாளே இருட்டில் எழுப்பி வாழையிலை துடைக்க உட்கார வைத்தார். துடைத்தது சரியில்லை என்று திட்டும் விழுந்தது. திட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு அந்த வீட்டில் பசித்தது. மிளகாய்ச் சம்பால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றேன்.

என்னோடு இன்னொரு பையனும் இருந்தான், வேறு தோட்டத்திலிருந்து வந்தவன். எதைக் கேட்டாலும் வேண்டாம், போதும். தன் தட்டைத் தானே கழுவுவான், சத்தம் போடமாட்டான், வாடகைக் காசு நாள் தவறாது. அவனை யாரும் எழுப்பியதில்லை, திட்டியதும் இல்லை. வருஷக் கடைசியில் கும்பிட்டு விடைபெற்றுப் போனான். அவன் போன பிறகு பெரியம்மா சொன்னார்: "நல்ல பையன்தான். என்ன கொணம்னே தெரியாம போச்சு."

அந்த அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஒரு வருஷம் சமைத்துப் போட்டிருக்கிறார், அவனுக்கு மீன் பிடிக்குமா, முருங்கைக்காய் பிடிக்குமா என்றுகூடத் தெரியவில்லை. வாடகை கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். உனக்கும் சொல்லியிருக்கிறார்கள் போல. வாடகை அறைக்கு, தம்பி. உனக்காகத் தட்டோடு காத்திருக்கிறார்களே, அதற்கு ரிங்கிட்டில் கட்டணம் கிடையாது. பசியோடு வந்து சேர்ந்தால் போதும்.

விடுதியைக் கேட்டிருந்தாய் இல்லையா, மறந்தே போனேன். போகலாம், தப்பில்லை. ஆனால் இப்போது போனால், எவ்வளவு நயமாகச் சொன்னாலும் தன் சமையல் பிடிக்கவில்லை என்றுதான் ஆன்டி எடுத்துக்கொள்வார். அதனால் இன்று ராத்திரி மாமாக் கடைப் பக்கம் திரும்பாதே. நேராக அடுப்படிக்குப் போய் என்ன சமைத்திருக்கிறீர்கள் என்று கேள். காரம் என்றால் காரம் என்று சொல். அந்தப் பெண்ணிடம் ஒன்று முதல் நூறுவரை மலாயில் சொல்லித்தரச் சொல், கடையில் எப்படியும் தேவைப்படும். நீ தப்பாகச் சொல்வாய், அவள் திருத்தட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆன்டி சந்தைக்குப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போ. ஒரு மாதம் கழித்தும் விடுதிதான் வேண்டும் என்றால் எழுது, எப்படிச் சொல்வது என்று அப்போது யோசிக்கலாம்.