இரண்டு ஆக்சஸ் கோப்புகளில் ஒரே வாடிக்கையாளர் டேபிளை வைத்துக்கொள்வது எப்படி?

பில்லுக்கு ஒரு ஆக்சஸ் (மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பு, சர்வீஸ் பதிவுகளுக்கு இன்னொன்று. வாடிக்கையாளர் டேபிள் இரண்டிலும் இருக்கிறது, ஒன்றில் போன் நம்பரை மாற்றினால் மற்றதிலும் தானாக மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் சிங்க், அதாவது இரண்டு பிரதிகளை ஒத்துப்போக வைப்பது, என்ற பேச்சே வேண்டாம். டேபிளை மூன்றாவதாக ஒரு கோப்பில் போட்டு அதை நெட்வொர்க் ஃபோல்டரில் வையுங்கள், இரண்டு கோப்புகளிலிருந்தும் அதற்கு லிங்க் கொடுங்கள். தரவு ஒரே இடத்தில் இருந்தால் ஒத்துப்போக வைக்கும் வேலையே இல்லை.

லிங்க் கொடுப்பது சுலபம். எக்ஸ்டெர்னல் டேட்டா பகுதியில் ஆக்சஸ் கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இம்போர்ட்டை விட்டுவிட்டு லிங்க்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிரைவ் எழுத்தை வைத்து வழி கொடுக்காதீர்கள், அது கணினிக்குக் கணினி மாறும். சர்வர் பெயரோடு முழு வழியைக் கொடுங்கள். அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் எழுதவும் அழிக்கவும் அனுமதி இருக்க வேண்டும், ஏனென்றால் யாராவது திறந்ததும் ஆக்சஸ் அங்கே ஒரு லாக் கோப்பை உருவாக்கி, கடைசி ஆள் மூடும்போது அழிக்கும். லிங்க் டேபிளை டெலீட் செய்தால் போவது லிங்க் மட்டும்தான், பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே ஒரு வரியை அழித்தால் அது நிஜமாகவே போய்விடும்.

உண்மையான வேலை லிங்க்குக்கு முன்னால் இருக்கிறது. இப்போது பில் கோப்பில் வாடிக்கையாளர் எண் 118 ஒருவர், சர்வீஸ் கோப்பில் 118 வேறொருவர், இல்லையா? ஒவ்வொரு புது வரிக்கும் ஆக்சஸ் தானாகக் கொடுக்கும் ஆட்டோநம்பர் இரண்டிலும் தனித்தனியாக ஓடியிருக்கும். புதிய டேபிளில் பில் பக்கத்து எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய சர்வீஸ் எண்ணுக்கு ஒரு தனி நெடுவரிசை சேருங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் ஆட்களை போன் நம்பரை வைத்துப் பொருத்தி, மீதிப் பேரைப் புதிதாகச் சேருங்கள். பெயரை வைத்துப் பொருத்தினால் இனிஷியலும் ஸ்பெல்லிங்கும் உங்களை அலைக்கழிக்கும். அப்புறம் சர்வீஸ் பதிவுகளில் வாடிக்கையாளர் எண்ணை அப்டேட் குவெரியால் (பல வரிகளை ஒரே தடவையில் மாற்றும் கட்டளை) மாற்றும்போது பழைய எண்ணின் மேலேயே எழுதாதீர்கள், புது எண்ணை இன்னொரு நெடுவரிசையில் போடுங்கள். மேலேயே எழுதி, குவெரி தவறுதலாக இரண்டாவது தடவை ஓடிவிட்டால், புது எண்ணையே பழைய எண் என்று நினைத்து இன்னொருவர் தலையில் கட்டிவிடும்.

இன்னொரு விஷயம், லிங்க் டேபிளுக்கும் உள்ளூர் டேபிளுக்கும் இடையே ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டியை (இல்லாத வாடிக்கையாளர் எண்ணை பில்லில் போடவிடாத விதி) கட்டாயமாக்க முடியாது, இரண்டும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அதனால் பில், சர்வீஸ் டேபிள்களையும் அந்த மூன்றாவது கோப்புக்கே கொண்டுபோய்விடுங்கள். உங்கள் இரண்டு கோப்புகளிலும் ஃபார்ம், ரிப்போர்ட், குவெரி மட்டும் இருக்கட்டும். ஒரு ஆக்சஸ் கோப்பின் உச்சவரம்பு 2 ஜிபி, படங்களை உள்ளே திணிக்காதவரை நீங்கள் அதைத் தொடுவது கஷ்டம்.

கோப்பை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் போட்டு இரண்டு பக்கமும் திறக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. அவை கோப்பை முழுதாகத்தான் பார்க்கும், உள்ளே எந்த வரி மாறியது என்று அவற்றுக்குத் தெரியாது. இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இரண்டு பிரதிகள் கையில் நிற்கும்.

பிற்பாடு ஒரு லேப்டாப் நெட்வொர்க்குக்கு வெளியே போகும் நிலை வந்தால்தான் சிங்க் அவசியம். பழைய ஆக்சஸில் பிரதிகளை ஒத்துப்போக வைக்க ரெப்ளிகேஷன் என்றே ஒரு வசதி இருந்தது. 2007-இல் வந்த புதிய கோப்பு வடிவத்தில் அது இல்லை. அதனால் நீங்களே குவெரி எழுத வேண்டியிருக்கும். ஆட்டோநம்பரின் ஃபீல்டு சைஸை ரெப்ளிகேஷன் ஐடி (வரிசை எண்ணுக்குப் பதில் நீளமான தனித்த குறியீடு) என்று வைத்தால் இரண்டு பக்கமும் எண் மோதாது. அழித்த வரிகளை நிஜமாக அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு டிக் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் இங்கே அழித்தது அங்கிருந்து புது வரியாகத் திரும்பி வரும்.

எந்த வரிகளை அனுப்ப வேண்டும் என்று தெரிய, ஒவ்வொரு வரியும் கடைசியாக மாறிய நேரத்தை பிஃபோர் சேஞ்ச் டேட்டா மேக்ரோவில் (வரி சேமிக்கப்படுவதற்கு முன் தானாக ஓடும் கட்டளை) பதியலாம், 2010 முதல் அது இருக்கிறது. இதில்தான் ஒரு வில்லங்கம்: சிங்க் குவெரி ஒரு வரியை அப்டேட் செய்தாலும் அந்த மேக்ரோ ஓடும், உடனே அந்த வரி ‘இப்போது மாறியது’ ஆகிவிடும், அடுத்த சிங்க்கில் அது எதிர்ப்பக்கம் போகும், அங்கேயும் இதே கதை. அதனால் நேர நெடுவரிசையை குவெரியே எழுதியிருந்தால் மேக்ரோ அதைத் தொடக்கூடாது என்று ஒரு நிபந்தனை வையுங்கள்; மேக்ரோவில் அப்டேட்டட் என்ற ஃபங்ஷன் இதற்குத்தான்.

ஒரே வரியை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால் பெரும்பாலானவர்கள் பிந்திய நேரத்துக்கு வெற்றி கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, லேப்டாப் கடிகாரம் கொஞ்சம் பிசகினாலே தப்பான பக்கம் ஜெயித்துவிடும். அந்த வரிகளின் இரண்டு வடிவங்களையும் தனி டேபிளில் போட்டு, யாராவது ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு ஃபார்ம் வையுங்கள்.