ஹிட்டைட்டுகளை வீழ்த்தியது நோயா, பஞ்சமா?

கேள்வி: எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சேஸோடு போரிட்ட ஹிட்டைட் பேரரசு திடீரென்று காணாமல் போனது ஏன்? கொள்ளைநோய்தான் காரணம் என்கிறேன் நான், மழை பொய்த்ததுதான் என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: நான் தம்பி பக்கம்தான் கொஞ்சம் கூடுதலாகச் சாய்வேன். ஆனால் நீங்கள் சொல்வதும் லேசுப்பட்டதல்ல.

கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தியப் போர்க்கைதிகளோடு, இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் நாட்டுக்குள் வந்த நோய் சுமார் 20 வருடம் ஓயவே இல்லை. மன்னர் சுப்பிலுலியுமாவும் அவருக்குப் பின் பட்டமேறிய மகனும் அதில்தான் போனார்கள் என்று கருதப்படுகிறது. அடுத்து வந்த மகன் இரண்டாம் முர்சிலி தெய்வங்களிடம் முறையிட்டது களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது: உங்கள் நிலத்தை உழுதவர்கள் செத்தார்கள், உங்களுக்கு அப்பம் படைக்க மாவு அரைத்த பெண்களும் செத்தார்கள் என்று புலம்புகிறார். அதைப் படித்தால் மனசு கனத்துப் போகும்.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பேரரசு நின்றது, ராம்சேஸோடு மோதிய காதேஷ் போரே அப்புறம்தான் நடந்தது.

வறட்சிக்கும் அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். தலைநகர் ஹட்டூசாவில் நிலத்தைத் தோண்டிப் பெரிய தானியக் குழிகள் வைத்திருந்தார்கள், பிற்கால மன்னர் நான்காம் துதாலியா அணைகள் கட்டினார், அலாஜாஹூயூக் பக்கம் உள்ள ஒன்று தூர்வாரப்பட்டு நம் காலத்திலும் பாசனத்துக்கு உதவியிருக்கிறது. அப்படியும் போதவில்லை. ஹத்தி நாட்டை, அதாவது ஹிட்டைட்டுகளின் நாட்டைப் பிழைக்கவைக்கக் கப்பலில் தானியம் அனுப்பியதாக எகிப்து மன்னர் மெர்நெப்தா கல்வெட்டில் பொறித்திருக்கிறார். அந்தத் தானியமும் தெற்குக் கடற்கரையில் இறங்கி, டாரஸ் மலைகளைத் தாண்டித்தான் தலைநகருக்குப் போகவேண்டும்.

துருக்கியில் உள்ள பழைய நகரமான கோர்டியனில் ஒரு பெரிய மண்மேட்டுச் சமாதிக்குள் இருந்த ஜூனிப்பர் மரக்கட்டைகளின் வளையங்களை ஆராய்ந்தபோது, கி.மு. 1198 முதல் 1196 வரை மூன்று வருடம் தொடர்ந்து கடும் வறட்சி இருந்தது தெரிந்தது. முதல் வருடம் குழியைத் திறந்து சாப்பிடலாம், இரண்டாம் வருடம் விதைக்கு வைத்ததிலும் கை வைக்கவேண்டி வரும், மூன்றாம் வருடம் விதைக்க என்ன இருக்கும்? வரியாகத் தானியம் வாங்கிப் படைக்குச் சோறு போட்ட அரசு அது. வரி வராவிட்டால் படை எத்தனை நாள் நிற்கும்?

ஹட்டூசா கடைசியில் எரிந்தது உண்மைதான். ஆனால் எரிந்த பெரிய கட்டடங்களைத் தோண்டியபோது உள்ளே விலையுயர்ந்த பொருள் அநேகமாக எதுவும் இல்லை, எடுத்துப்போக முடிந்ததை எல்லாம் தீ வைப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள்.