விருந்துக்குப் பிறகு வரும் வலி

கேள்வி: எனக்கு வயது 46. பிரியாணி, பஜ்ஜி என்று சாப்பிட்ட இரவுகளில் மேல்வயிற்றின் வலது பக்கம் பிடித்துக்கொள்கிறது. முதுகு வரை வலிக்கிறது. சோடாவுக்கும் சீரகத் தண்ணீருக்கும் அடங்கவில்லை. வாயுதான் என்கிறார் மாமியார். அப்படித்தானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தொப்புளைச் சுற்றி வலி வந்தது. பழியை ஹாஸ்டல் சாம்பார் மேல் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. குடல்வால் அழற்சி!

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் பித்தப்பைக் கல் மீதுதான். கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கும். கல் அந்தப் பையின் வாயை அடைத்தால் வலி தொடங்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை விடாது. வலது தோள்பட்டைக்குக் கீழேயும் இழுக்கும். வாயு என்றால் ஏப்பம் விட்டாலோ மலம் போனாலோ குறையும். அல்சரில் மேல்வயிற்றின் நடுவே எரியும்.

வெறும் வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும். காய்ச்சல், மஞ்சள் கண், விடாத வாந்தி இருந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அப்புறம், வலியோடு வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால் அது இதயமாகவும் இருக்கலாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.