சிவப்பணு: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வயது 26, அடுத்த மாதம் திருமணம். ஹீமோகுளோபின் 11.2, சிவப்பணு 58 லட்சம், எம்.சி.வி. 62. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. வேறு மாத்திரை மாற்றலாமா?
– வாசகி, கரூர்

பதில்: மாத்திரையை மாற்றும் முன், குறைவது இரும்புதானா என்று பாருங்கள். எல்லோரும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் துப்பு கொடுப்பது சிவப்பணு எண்ணிக்கை. இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தால் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியே மந்தமாகும். அணு சிறுப்பதோடு எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். எம்.சி.வி. என்பது ஓர் அணுவின் சராசரி அளவு. 80க்கு மேல் இருக்க வேண்டும். உங்களுக்கு 62தான், ஆனால் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பீட்டா தலசீமியா மைனரில் (ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் மரபணுக் குறை, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த நிலை) இப்படித்தான் வரும்.

கையோடு ஒரு கணக்கு போடலாம். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்; 58 லட்சம் என்றால் 5.8) வகுங்கள்: 62 ÷ 5.8 = 10.7. விடை 13க்குக் கீழே என்றால் தலசீமியா பக்கமும், மேலே என்றால் இரும்புக் குறைவு பக்கமும் சந்தேகம் சாயும். 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் சொன்ன கணக்கு இது. சந்தேகப்பட உதவுமே தவிர, இதை வைத்து முடிவு கட்ட முடியாது.

முடிவு தெரிய இரண்டு பரிசோதனைகள் வேண்டும்: ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும்), எச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும்). இரண்டாவதில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் தலசீமியா மைனர்தான். ஒரு சிக்கல் உண்டு: இரும்பும் சேர்ந்து குறைந்திருந்தால் ஏ2 தாழ்ந்து, இயல்பு போலக் காட்டும். அதனால் ஃபெரிட்டின் குறைவு என்றால் முதலில் அதைச் சரிசெய்து, பிறகு மறுபடி எடுக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் எம்.சி.வி. ஏறவில்லையா? தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்ஃபா தலசீமியாவுக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம்.

மைனர் என்றால் பொதுவாகச் சிகிச்சை வேண்டாம். ஃபெரிட்டின் சரியாக இருக்கும்போது இரும்பு மாத்திரையைத் தொடராதீர்கள். கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கும் இதே பரிசோதனை இப்போதே நடக்கட்டும். இருவரும் மைனர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான வகை வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும். இருவருக்கும் இருந்தால் திருமணமே கூடாது என்று அர்த்தமில்லை. கருவுற்ற 10 முதல் 12 வாரங்களில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துச் சோதிக்க வழியுண்டு.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின். சிவப்பணு 27 லட்சம், ஹீமோகுளோபின் 10.4, எம்.சி.வி. 114. பாதம் மரத்துப்போகிறது என்கிறார். சர்க்கரையால்தானே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மரத்துப்போவதைச் சர்க்கரை தலையில் கட்டிவிடாதீர்கள். எம்.சி.வி. 100ஐத் தாண்டி, சிவப்பணுவும் குறைந்திருக்கிறது; முதல் சந்தேகம் வைட்டமின் பி12 குறைவின் மீது. நீண்ட நாள் மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தைராய்டு, கல்லீரல், மது ஆகியவற்றையும் மருத்துவர் விசாரிப்பார்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் ஏறும், ரிப்போர்ட் அழகாகிவிடும். பி12 குறைவால் வந்த நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும். முதல் பி12 ஊசிக்கு முன்பே பி12 அளவுக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் எண் பொய் சொல்லும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எம்.சி.எச்.சி.யையும் (அணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி) பாருங்கள். அது 37, 38 என்று எகிறியிருந்தால், குளிரில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கருவி ஒரு கொத்தையே ஓர் அணுவாக எண்ணி, எம்.சி.வி.யைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 45, புகைப்பழக்கம் உண்டு. ஹீமோகுளோபின் 17.8. ரத்த தானம் செய்தால் குறையுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: குறையும், ஆனால் ஏன் ஏறியது என்ற காரணம் தெரியாமலே போய்விடும். இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாருங்கள்; நீர் வற்றினாலும் எண் ஏறும். பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் ஏற்றும். ஆண்களுக்கு 16.5க்கு மேல் நீடித்தால் எலும்பு மஜ்ஜையே கட்டுப்பாடின்றி அணுக்களை உற்பத்தி செய்கிறதா என்று அறிய எரித்ரோபாய்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) அளவும் ஜாக்2 மரபணுச் சோதனையும் தேவை. தானம் பற்றி அந்த முடிவுகள் வந்த பிறகு மருத்துவரிடம் கேளுங்கள்.