பிக்கப் வைத்த கிட்டாரா, மைக்கா?

கேள்வி: நானே பாடி, கிட்டார் வாசித்து, வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. கடையில் கேட்டால், ‘ரெக்கார்டிங் என்றால் செமி அக்கூஸ்டிக்தான் சார், நேராக வயரைச் செருகிவிடலாம்’ என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

கடைக்காரர் சொல்வது பாதி சரி. வயரைச் செருகலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வருகிற சத்தம் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. செமி அக்கூஸ்டிக் என்று கடையில் சொல்வது பிக்கப் வைத்த கிட்டாரை; பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றும் கருவி. இந்த வகை கிட்டார்களில் பெரும்பாலும் இருப்பது பீசோ பிக்கப், கம்பிகள் வந்து உட்காரும் சேடிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மெல்லிய பட்டை. கம்பியின் அதிர்வும் அழுத்தமும் சேடில் வழியாக அதற்குப் போய்ச் சேரும். அந்த மரப்பெட்டிக்குள் காற்று அதிர்ந்து உருண்டு வெளியே வருகிறதே, நாம் கிட்டார் ஓசை என்று ரசிப்பது, அது இதில் சரியாக ஏறாது. அதனால் வேகமாக ஸ்ட்ரம் செய்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுவதுபோல ஒரு வறட்டுச் சத்தம் வரும். நம்பாவிட்டால் கடையிலேயே ஒரு ஜி கார்டை முதலில் சும்மா வாசியுங்கள், அப்புறம் ஆம்ப்ளிஃபையரில் செருகி அதையே வாசியுங்கள், காதே சொல்லிவிடும்.

பிக்கப் முக்கியமாக உதவுவது மேடையில். டிரம்ஸும் கீபோர்டும் பக்கத்தில் முழங்கும்போது மைக் வைத்தால் ஊளையிடும், அங்கே இது இல்லாமல் முடியாது. உங்கள் படுக்கையறையில் யார் டிரம்ஸ் அடிக்கப் போகிறார்கள்?

யமஹாவில் எஃப்ஜி800, எஃப்ஜிஎக்ஸ்800சி என்று இரண்டு மாடல்கள் உண்டு. இரண்டுக்கும் மேல்பலகை ஒட்டுப்பலகை இல்லாத ஸ்ப்ரூஸ்தான். இரண்டாவதில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பிக்கப், அதன் சன்னமான சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், சுருதி காட்டும் டியூனர், கழுத்தோரம் கை எட்டுவதற்காக உடலில் விட்ட தோள்பட்டை வெட்டு இவற்றுக்குப் போகிறது. அந்தப் பணத்தை ஒரு கண்டென்சர் மைக்குக்கும், ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் ஒதுக்குங்கள் என்பேன். எப்படியும் பாடப் போகிறீர்கள், மைக் வாங்கியே ஆக வேண்டும். அதே பட்ஜெட்டில் பிக்கப் வேண்டும் என்பதற்காக மட்டமான பலகைக்கு இறங்குவதுதான் எனக்குப் பிடிக்காத காரியம்.

ஆனால் வீடு மெயின் ரோட்டில் இருந்து, பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, மாடியில் தண்ணீர் மோட்டார் என்று நாள் முழுக்க ஓடுகிறதென்றால் கதை வேறு. பிக்கப்புக்கு அதெல்லாம் அநேகமாகக் காதில் விழாது. அப்படியென்றால், அல்லது சர்ச்சிலோ கச்சேரியிலோ வாசிக்கும் எண்ணமிருந்தால், தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே பிக்கப் கிட்டார் இருக்கிறது. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகினால் ஒரே இரைச்சல். (வாசகி, நாகர்கோவில்)

அந்த ஓட்டை ஹெட்செட் மைக்குக்காக வைத்தது, கிட்டாரை அதில் செருகாதீர்கள். சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்று போதும், அதில் ‘இன்ஸ்ட்’ (இன்ஸ்ட்ருமென்ட், அதாவது வாத்தியம்) என்ற பட்டனைப் போட்டுவிட்டுச் செருகுங்கள். அதிலுள்ள 48 வோல்ட் பட்டன் கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கத்தான், இதற்கு வேண்டாம். அப்புறமும் ‘ம்ம்ம்’ என்று இழுத்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் வில்லன் அதுதான். சத்தம் கரகரத்தால் ப்ரீஆம்ப் பேட்டரியை மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள், பெரும்பாலான கிட்டார்களில் வயர் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். பதிவு செய்த பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடித்தொனியை வெட்டிவிடலாம், வழக்கமான டியூனிங்கில் தடித்த கம்பியே 82-இல்தான் தொடங்குகிறது. அந்த வறட்டுச் சத்தத்துக்கு 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். முழுசாகப் போகாது, உறுத்தல் குறையும்.

கேள்வி: மைக் வாங்கிவிட்டேன், எங்கே வைப்பது? கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேராக வைத்தால் கும்மென்று அடிக்கிறது. (வாசகர், மதுரை)

அடிக்கத்தான் செய்யும், பெட்டியின் அடித்தொனி எல்லாம் அந்த வாய் வழியாகத்தானே கொட்டுகிறது. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃபிரெட்) எதிரே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். இன்னும் கும்மென்றால் மைக்கைக் கழுத்துப் பக்கம் லேசாகத் திருப்புங்கள், மெலிந்து கேட்டால் ஓட்டைப் பக்கம். இரண்டு விரல் நகர்த்தினாலே ஓசை மாறும், அதனால் ஹெட்போன் போட்டுக்கொண்டு நகர்த்துங்கள். டைல்ஸ் போட்ட காலி ஹாலைவிட மெத்தையும் துணி நிறைந்த பீரோவும் இருக்கும் அறை நல்லது, பீரோ கதவைத் திறந்தே வையுங்கள். ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை. மதுரையில், அதுவும் மே மாதத்தில் என்றால், விடியற்காலையில் உட்காருங்கள்.

கேள்வி: மைக், பிக்கப் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யலாமா? (அதே வாசகர்)

செய்யலாம், தனித்தனி டிராக்கில். பிக்கப் ஒலி ஒரு நொடியின் சிறு துளி முன்னதாக வந்துவிடும், மைக்குக்குக் காற்று வழியாக வர வேண்டும். அதனால் சேர்த்துக் கேட்கும்போது ஓசை சப்பென்று ஆகிவிட்டால் ஒரு டிராக்கின் ஃபேஸைத் திருப்பிப் பாருங்கள், அதாவது அதன் அலையைத் தலைகீழாக்குங்கள், இல்லையென்றால் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, பிக்கப் டிராக்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மைக்கோடு ஒட்ட வையுங்கள்.