கடையில் பிளாஸ்டிக் ஸ்டூல் மலிவாகக் கிடைக்கும்போது, பால்மரக் கட்டையில், அதாவது ரப்பர் மரக் கட்டையில், கையாலேயே ஒன்று செய்வதில் என்ன திருப்தி? தோட்டத்தில் வெட்டிப்போட்ட மரம் ஆகுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில். கெடாவில் சுங்கைப்பட்டாணி பக்கம் மறுநடவுக்குச் சாய்த்த மரத்தை அப்படியே இழுத்துவந்து தொடங்காதீர்கள். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப் போட்ட சில நாளிலேயே நீலக்கறைப் பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு துளைக்கும். குண்டூசித் துளையும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். மில்லில் அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைப்பது இதற்காகத்தான். 25, 30 வருஷம் பால் கொடுத்துவிட்டு விறகாகப் போன மரம், மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன மூவாரில் மேசை நாற்காலியாவதும் இந்த மருந்தாலும் சூளையாலும்தான். மருந்தேற்றிக் காய்ந்த பலகையாகவே வாங்குங்கள்.

கால் 40 மிமீ சதுரம், குறுக்குச் சட்டம் 60க்கு 20, உயரம் 400 போதும். காலை மட்டும் மேலே 20 மிமீ கூடுதலாக விடுங்கள். இல்லையென்றால் சட்டம் இறங்கும் துளையைக் காலில் வெட்டும்போதே தலை பிளந்துவிடும். பசை காய்ந்தபின் அறுத்துக்கொள்ளலாம்.

துளையை முதலில் வெட்டுங்கள். 12 மிமீ உளி என்றால் துளையும் 12, ஆழம் 25. கழுந்தை, அதாவது துளைக்குள் இறங்கும் சட்டத்தின் நாக்கை, கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, துளைக்கு ஏற்றபடி சீவிக்கொண்டு வாருங்கள். ஒரே காலில் இரண்டு பக்கமிருந்து வரும் கழுந்துகள் உள்ளே முட்டும். நுனியை 45 பாகையில் சாய்த்து அறுத்தால் சரியாக ஒன்றையொன்று தொட்டு நிற்கும்.

திருப்தி எங்கே என்றால், இங்கேதான். கழுந்து உள்ளங்கை அழுத்தத்தில் பாதி இறங்க வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியின், அதாவது மரச்சுத்தியலின், நாலு தட்டு. 'டொக் டொக்' என்று வெறுமையாகக் கேட்ட சத்தம், தோள், அதாவது கழுந்து தொடங்கும் இடத்தில் சட்டத்தின் விளிம்பு, காலில் போய் உட்கார்ந்த கணத்தில் கனத்துவிடும். பசையே போடாமல் தூக்கினாலும் கழன்று வராது. அந்தச் சத்தத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இறுக்கமாக இருந்தால் ஓங்கி அடிக்காதீர்கள், கால் பிளக்கும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உரசிய இடம் பளபளக்கும். அங்கே மட்டும் ஒரு சீவல் எடுங்கள். தளர்ந்துபோனால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது பலருக்குப் பழக்கம், அது பிடிக்காது. நீளமான இழைப்புச் சீவலைக் கழுந்தின் பக்கத்தில் ஒட்டி, காய்ந்தபின் மறுபடி சீவிப் பொருத்துங்கள்.

இழைக்கும்போது பஞ்சு போல நார் எழும்பினால், அது பால்மரத்தின் குணம். உளியையும் இழைப்புளியையும் தீட்டிவிட்டு மெல்லிசாக எடுங்கள், தேய்ப்புத் தாள் அதைச் சரிசெய்யாது.

உட்காரும் பலகைக்குப் பசை போடவே கூடாது. மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், கெடாவின் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் சுருங்கும். பசை பிடித்து நிறுத்தினால் நடுவில் வெடிக்கும். சட்டத்தில் 3 மிமீ நகர இடமுள்ள நீள்துளை போட்டு, அடியிலிருந்து திருகாணி முடுக்குங்கள்.